செயினுக்கு எந்த எண்ணெய்?

நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் மாமா வீட்டுக் கொட்டகையில் ஒரு கறுப்புச் சைக்கிள் நிற்கிறது. தோல் சீட்டு, இரும்புக் கம்பியால் இழுத்துப் பிடிக்கும் பழைய பிரேக், செயினை முழுதாக மூடிய கவர். அதை மறுபடி ஓட வைக்கலாம் என்று சென்ற மாதம் கவரின் திருகுகளைக் கழற்றினேன். உள்ளே செயின் இருந்த இடத்தில் தேன் நிறத்தில் பிசின்தான் தெரிந்தது. நகத்தால் கீறியபோது சுருள் சுருளாக உரிந்து வந்தது. அதற்குள் மணல், நூல், ஒரு கோழி இறகின் துண்டு.

"வருடம் தவறாமல் எண்ணெய் விட்டிருக்கிறேனே மாப்பிள்ளை" என்றார் மாமா. விட்டிருக்கிறார்தான். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் சைக்கிளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வீட்டில் இருந்த எண்ணெயைச் செயினில் ஊற்றியிருக்கிறார். சில வருடம் தேங்காய் எண்ணெய், சில வருடம் விளக்குக்கு வாங்கிய நல்லெண்ணெய்.

அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து எந்த எண்ணெய் நல்லது என்று வெகுநேரம் பேசினோம். பன்னிரண்டு ஆண்டுகளாகத் திருவான்மியூரிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போய்வருபவன் நான். இங்கே பேசப்போகும் எண்ணெய்களில் பெரும்பாலானவற்றை என் செயினிலேயே விட்டுப் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய்களை எடைபோடும் முன் செயினுக்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இன்றைய உருளைச் செயினின் மூல வடிவத்தை மான்செஸ்டரில் 1880-ல் ஹான்ஸ் ரெனால்டு உருவாக்கினார். சாதாரணச் சைக்கிளின் செயினில் வெளித் தகடுகளைக் கோக்கும் பின், அந்தப் பின்னின் மேல் சுழலும் புஷ் என்ற சிறு குழாய், புஷ்ஷின் மேல் உருளை என்று ஒன்றுக்குள் ஒன்று இருக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட மூட்டுகள். ஒவ்வொன்றும் பற்சக்கரத்தில் ஏறும்போது மடங்கி, இறங்கும்போது நிமிர்கிறது. தேய்மானம் நடப்பது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத அந்த இடுக்கில். "செயின் நீண்டுவிட்டது" என்று நாம் சொல்வதும் இதைத்தான். தகடு நீள்வதில்லை. பின் தேய்கிறது, ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை அளவு தளர்வு சேர்ந்து மொத்தச் செயினும் நீளமாகிவிடுகிறது.

ஆகவே எந்த எண்ணெயிடமும் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். அந்த இடுக்குக்குள் போகிறதா? போனது அங்கேயே தங்குகிறதா? வெளியே புழுதியைப் பிடித்து இழுக்காமல் இருக்கிறதா? எண்ணெயும் மணலும் சேர்ந்த குழம்பு அம்மியைப் போல இரும்பை அரைத்துவிடும். செயின் கன்னங்கரேலென்று பளபளத்தால் நன்றாக எண்ணெய் விட்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கறுப்பில் பாதி, அரைபட்ட இரும்பின் தூள்.

முதலில் சமையலறை எண்ணெய்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எல்லாமே காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு மெல்ல மெல்லச் சேர்ந்து இறுகக் கூடியவை. அடுப்பு மேடையில் நிற்கும் எண்ணெய்த் தூக்கின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பிசுக்குத்தான் செயினுக்குள்ளும் உருவாகிறது. தேங்காய் எண்ணெய் இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல், அவ்வளவு எளிதில் இறுகாது. ஆனால் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் குளியலறைப் பாட்டிலில் வெள்ளையாக நிற்கும் எண்ணெய், செயினில் மட்டும் இளகியா இருக்கும்? போதாக்குறைக்கு நாளடைவில் சிக்கெடுத்து அமிலம் விடும். நடுவழியில் செயின் கிறீச்சிட்டு, கையில் வேறெதுவும் இல்லையென்றால் இரண்டு சொட்டு விடலாம். வழக்கமாக்கக் கூடாது.

அடுத்தது பழைய என்ஜின் ஆயில். இருசக்கர வாகனப் பட்டறையில் வடித்து வைத்திருக்கும் கறுப்பு எண்ணெயைப் பிரஷ்ஷால் தொட்டுச் செயினில் பூசுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். என் சைக்கிளுக்கும் ஒரு கடையில் அப்படிப் பூசினார்கள். காசு வாங்கவில்லை, அன்போடுதான் செய்தார்கள். ஆனால் என்ஜின் அந்த எண்ணெயை வெளியே தள்ளியதே அதில் உலோகத் துகளும் கரியும் அமிலமும் சேர்ந்துவிட்டதால்தான். ஒரு இயந்திரத்துக்குக் கழிவானதை இன்னொன்றின் மூட்டுக்குள் விடுவது எந்த வகையிலும் சரியில்லை. தோலுக்கும் அது கெடுதல். நாள் முழுக்க அதைக் கையால் தொட்டு வேலை செய்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. இது வேண்டவே வேண்டாம்.

அதே என்ஜின் ஆயில் புதிதாக இருந்தால் கதை வேறு. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் 20டபிள்யூ-40 கனமானது. உள்ளே இறங்க நேரம் எடுக்கும், இறங்கியபின் நிற்கும், மழைக்கு எளிதில் கரைந்து போகாது. குறை என்னவென்றால் வெளியே எஞ்சுவது புழுதியைக் காந்தம்போல் இழுக்கும். இதற்கு நேர் எதிரில் நிற்பது தையல் மெஷின் எண்ணெய். தண்ணீர்போல் மெலிது, சொட்டு விட்ட மறுகணம் இடுக்கில் மறைந்துவிடும், புழுதியும் அவ்வளவு ஒட்டாது. ஆனால் ஒரு நல்ல மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். வெயில் காலத்திலும் பத்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை மறுபடி விட வேண்டும்.

இந்த இரண்டில் எது என்று கேட்டால், நான் மாதத்தைப் பார்த்துச் சொல்வேன். ஜனவரி முதல் செப்டம்பர் வரை எனக்கு மெஷின் எண்ணெய். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலிருந்து டிசம்பர் முடியும் வரை 20டபிள்யூ-40. கடலோரத்தில் உப்புக் காற்று ஒரே இரவில் செயினில் செந்துரு ஏற்றிவிடுவதால், மழைக் காலத்தில் கனமான எண்ணெய் ஒரு கவசமும் ஆகிறது.

சைக்கிளுக்கென்றே விற்கும் செயின் ஆயில்களும் இதே இரண்டு குணங்களாகப் பிரிந்திருக்கின்றன. உலர் காலத்துக்கு ஒன்று, ஈரக் காலத்துக்கு ஒன்று. தரத்தில் குறை சொல்ல முடியாது. கியர் சைக்கிளில் நீண்ட தூரம் ஓட்டுபவர்கள் தாராளமாக வாங்கலாம். தினமும் நான்கைந்து கிலோமீட்டர் போகும் ஒற்றைக் கியர் சைக்கிளுக்கு அந்தச் செலவு அவசியமில்லை என்பது என் கருத்து.

டபிள்யூ.டி.-40 தெளிப்பானைப் பற்றி ஓயாமல் கேட்கிறார்கள். 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவானது. பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் நீரை அகற்றுவதைக் குறிப்பவை, 40 என்பது நாற்பதாவது முயற்சி. பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. நனைந்த செயினில் நீரை விரட்டவும், இறுகிய திருகை இளக்கவும், அழுக்கைக் கரைக்கவும் அருமையானது. அதில் உள்ள எண்ணெய் மிக மெலிது. செயினின் பாரத்தைத் தாங்கி நெடுநாள் நிற்காது. அதை அடித்துவிட்டு எண்ணெய் விட்டாயிற்று என்று இருந்துவிடாதீர்கள்.

கிரீஸ், சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்கும் பெடலுக்கும் உரியது. அங்கே பால்ரஸ் குண்டுகளை அதில் புதைத்துத்தான் வைக்க வேண்டும். செயினில் கையால் தடவினால் மேலோடு நின்றுவிடும். மோட்டார் சைக்கிள் செயின் ஸ்பிரேயும் பொருந்தாது. அந்தச் செயின்கள் பலவற்றில் மூட்டுக்குள்ளேயே கிரீஸை அடைத்து ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள். ஸ்பிரேயின் பிசுபிசுப்பு வெளிப்புறக் காப்புக்கு. நம் சைக்கிள் செயினில் வளையம் கிடையாது, எண்ணெய் உள்ளே போயாக வேண்டும்.

மிச்சம் இருப்பது மெழுகு. மூன்று கேள்விகளில் மூன்றாவதற்கு இதைப்போல் பதில் சொல்லும் பொருள் வேறில்லை. பாரஃபின் மெழுகை உருக்கி, செயினைக் கழற்றி அதில் மூழ்க வைத்தால் மூட்டுகளிலிருந்து பொடிப் பொடியாகக் காற்றுக் குமிழ்கள் வரும். குமிழ் நின்றால் மெழுகு உள்ளே நிறைந்துவிட்டது என்று பொருள். ஆறியபின் செயின் குச்சிபோல் விறைத்து நிற்கும். ஒவ்வொரு மூட்டாக மடக்கி இளக்க வேண்டும். பிறகு அந்தச் செயினை வெள்ளை வேட்டியோடு தொடலாம். இப்படி ஒரு கோடை முழுக்க ஓட்டினேன். வலது கால்சட்டை விளிம்பில் ஒரு கறைகூட இல்லை.

ஆனாலும் எல்லோருக்கும் மெழுகைச் சொல்ல மாட்டேன். செயினில் எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் மெழுகு பிடிக்காது. மண்ணெண்ணெயில் அலசி, பிறகு ஸ்பிரிட்டில் அலசி, முற்றிலும் காய வைக்க வேண்டும். ஸ்பிரிட் ஈரம் மிச்சமிருக்கும் செயினை அடுப்புப் பக்கம் கொண்டுபோவது ஆபத்து. மெழுகை நேரடித் தீயில் உருக்கக் கூடாது. 55 முதல் 65 டிகிரியில் உருகிவிடும் பொருள் அது. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு கிண்ணம் வைத்து உருக்கினால் போதும். இவ்வளவு செய்தும் ஒரு நாள் மழையில் நனைந்தால் துரு வந்துவிடும். பொறுமையும் கூரையுள்ள நிறுத்துமிடமும் இருப்பவர்களுக்கு இது ஏற்றது.

கழுவுவதற்கு எது? பெட்ரோல் வேண்டாம். சுழியத்துக்குக் கீழே நாற்பது டிகிரிக் குளிரிலும் தீப்பற்றும் ஆவி விடக்கூடியது அது. வீட்டுத் திண்ணையில் திறந்த கிண்ணத்தில் வைத்துக்கொண்டு செயின் கழுவும் துணிச்சல் யாருக்கும் தேவையில்லை. மண்ணெண்ணெய் அவ்வளவு எளிதில் பற்றாது, பழைய பிசினையும் கரைக்கும். அதையும் தீயிலிருந்து தள்ளி, திறந்தவெளியில் பயன்படுத்துங்கள். வாரந்தோறும் துடைக்கும் செயினுக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியுமே போதும். உடனே துணியால் துடைத்து வெயிலில் காய வைப்பது மட்டும் கட்டாயம். வாகனம் கழுவும் கடையின் அழுத்த நீரை ஹப்பின் மீதோ பெடல் அச்சின் மீதோ அடிக்க விடாதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும்.

மண்ணெண்ணெயை வீணாக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. அகன்ற வாய் பாட்டிலில் செயினைப் போட்டு, மூழ்கும் அளவு ஊற்றி, மூடிக் குலுக்குங்கள். பிறகு செயினை எடுத்துவிட்டுப் பாட்டிலை ஒரு நாள் அசையாமல் வைத்தால் கசடு அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை வடித்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். கசடைச் சாக்கடையிலோ செடிக்கோ ஊற்ற வேண்டாம். மூடிய டப்பாவில் சேர்த்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுவது நல்லது.

எந்த எண்ணெயானாலும் விடும் முறை ஒன்றுதான். பெடலைப் பின்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள், செயினின் கீழ் ஓட்டத்தில் ஒவ்வோர் உருளைக்கும் ஒரு சொட்டு. செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கை அடையாளமாக வைத்துத் தொடங்கினால் ஒரு சுற்று முடிந்தது தெரியும். கால் மணி நேரம் விட்டு, துணியால் செயினைப் பற்றிக்கொண்டு சுற்றி வெளிப்புறத்தை வறள வறளத் துடைக்க வேண்டும். எந்த எண்ணெய் என்ற சண்டையைவிட இந்தத் துடைப்புக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். 20டபிள்யூ-40 விட்டு நன்றாகத் துடைத்த செயின், விலை உயர்ந்த ஆயில் விட்டுத் துடைக்காத செயினைவிட நெடுநாள் உழைத்ததை என் இரண்டு சைக்கிள்களிலும் கண்டேன்.

விரல்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். துணியைப் பற்சக்கரத்தின் அருகே கொண்டுபோகாதீர்கள். துணியை இழுக்கும் பல் விரலையும் இழுக்கும். குழந்தைகள் பக்கத்தில் நிற்கும்போது பெடலைச் சுற்ற வேண்டாம். ரிம்மிலோ டிஸ்க் தகட்டிலோ ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிரேக் பிடிக்காது. ஆகவே அந்தப் பக்கம் தெளிப்பானை நீட்டவே கூடாது.

ஒற்றைக் கியர் சைக்கிளில் கழற்றிய செயினை மாட்டியபின் இறுக்கத்தையும் சரிபார்க்க வேண்டும். கீழ் ஓட்டத்தின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் அசைய வேண்டும். பெடலைச் சுற்றச் சுற்ற ஒரு இடத்தில் இறுகும், ஒரு இடத்தில் தளரும்; மிக இறுகிய இடத்தில் இந்த அரை அங்குலம் இருக்கட்டும். நட்டுகளை வலம் கொஞ்சம், இடம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முறுக்கினால் சக்கரம் நடுவில் நிற்கும். செயின் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். இன்னொன்று, பலர் மறந்துவிடுவது: பின்சக்கரத்தை முன்னே பின்னே நகர்த்தினால் பிரேக் கட்டை ரிம்மில் படும் இடமும் மாறிவிடும். தெருவில் இறங்குமுன் பிரேக்கை அழுத்திப் பார்த்து, கட்டை டயரில் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

மாமாவின் செயினை மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம். பிசின் கரைந்தது. உள்ளே எண்ணெயே போயிருக்கவில்லை. மூட்டை மடக்கியபோது செங்கல் நிறத்தில் துருத்தூள் கொட்டியது. இரும்பு அடிக்கோலை வைத்து அளந்தேன். செயினில் பின்னுக்குப் பின் அரை அங்குலம்; இருபத்து நான்கு இடைவெளிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினாலே செயினை மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு கூடினால் பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். மாமாவின் செயின் எட்டில் ஒரு பங்கையும் தாண்டி நின்றது. அடிக்கோலை வாங்கி அவரும் ஒருமுறை வைத்துப் பார்த்தார்.

புதுச் செயினும், பின்பற்சக்கரமான ஃப்ரீவீலும் வாங்கி வந்தோம். புதுச் செயினில் ஆலையிலேயே ஏற்றியிருக்கும் மசகு மூட்டுகளுக்குள் நிறைந்திருக்கும். அதை மண்ணெண்ணெயில் போடப் போன மாமாவின் கையைப் பிடித்து நிறுத்தி, வெளிப்புறத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினோம். கவரை மூடும் முன், மெஷின் எண்ணெய்ப் பாட்டில் ஒன்றைக் கேரியரில் கட்டி வைத்தார் மாமா.