கத்துவது பெல்ட், கெட்டது ஐட்லர்

டிப்பர் எடுக்கப் போகிற குடியாத்தம் நண்பர் ஒருவர், "ஒத்தை பெல்ட் வண்டி தொந்தரவு தருமா?" என்று கேட்டிருந்தார். மைலேஜ், பிக்கப், கேபின் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். இந்த வண்டியில் பொறுமையைச் சோதிப்பது பெல்ட் சத்தம்தான், அதை மட்டும் எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்பக்கம் நீளவாக்கில் 8 வரி ஓடும் பெல்ட் ஒன்றே டைனமோ, வாட்டர் பம்ப், ஃபேன், ஏசி கம்ப்ரசர் நாலையும் சுற்றுகிறது. பெல்ட்டுக்கு வழி காட்ட ஐட்லர் என்ற சும்மா சுற்றும் புல்லியும் உண்டு. பெல்ட்டைத் தானே இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கையான ஆட்டோ டென்ஷனர் இருப்பதால் டைனமோ போல்ட்டைத் தளர்த்தி, கம்பி போட்டு நெம்பி, பெல்ட்டை முறுக்கும் வேலையே இல்லை. ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டாலும் 24 வோல்ட் சிஸ்டத்தில் சார்ஜிங் 27.5-க்குக் கீழே இறங்குவதில்லை. பெல்ட்டும் நன்றாக உழைக்கிறது.

பிரச்சினை சத்தம். வேலூர் பக்கம் எந்தப் பட்டறையில் விட்டாலும் முதல் வார்த்தை, "பெல்ட்டை மாத்திடுங்க." மாற்றினால் சத்தம் நிற்கும், ஏனென்றால் புது ரப்பர் நன்றாகப் பிடிக்கும். சில நாளில் மறுபடி கத்தும். பழைய பெல்ட் குப்பைக்குப் போயிருக்கும், காரணம் அப்படியே இருக்கும்.

சத்தத்தைப் பிரித்துக் கேட்க வேண்டும். கீச் கீச் என்று விட்டு விட்டு வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. கீ...ன்னு நீட்டி, அதுவும் ஏசி போடும்போதும் ரேஸ் கொடுக்கும்போதும் வந்தால் பெல்ட் வழுக்குகிறது. மாவில்லாத கிரைண்டர் ஓடுவது மாதிரி கர்ர் என்றால் பேரிங். மழை பெய்த மறுநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் கத்தி அடங்கினால் அது ஈரம், விட்டுவிடுங்கள்.

முதல் இரண்டில் எது என்று சந்தேகமா? ஐடிலில் ஓடவிட்டு, பெல்ட்டின் வரி உள்ள பக்கத்தில் ஸ்ப்ரே பாட்டிலால் வெறும் தண்ணீர் அடியுங்கள். சத்தம் நின்று, கொஞ்ச நேரத்தில் திரும்பினால் நேர்கோடு பிசகியிருக்கிறது. அடித்தவுடன் அதிகமானால் டென்ஷன் போதவில்லை. தோளில் துண்டு, தொங்கும் கைலியோடு பக்கத்தில் நிற்காதீர்கள். நேர்கோட்டைப் பார்க்க ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். 300 மி.மீ. இடைவெளிக்கு 5 மி.மீ. விலகினாலே கிட்டத்தட்ட 1 டிகிரி, கீச்சிட அது தாராளம். பெரும்பாலும் டைனமோ பிராக்கெட் போல்ட் லூசாகி இருக்கும், இல்லையென்றால் டென்ஷனர் கையின் புஷ் தேய்ந்து கை சாய்ந்திருக்கும்.

பேரிங் சந்தேகம் என்றால் பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடத்துக்குள் ஓட்டிப் பாருங்கள். வாட்டர் பம்ப் சுற்றாது என்பதால் அதற்கு மேல் கூடாது. சத்தம் போய்விட்டதா? இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். கரகரத்தால் பேரிங் கெட்டுவிட்டது. தட்டிவிட்டால் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் ஐட்லரும் நல்லதல்ல, கிரீஸ் வற்றியிருக்கிறது. வாட்டர் பம்ப் புல்லி ஆடினாலோ, அடியில் உள்ள சின்ன ஓட்டையில் கூலன்ட் கசிந்த தடம் இருந்தாலோ பம்ப்பை மாற்றுங்கள். இன்ஜினை அணைக்கும்போது மட்டும் டைனமோ பக்கம் கடகடத்தால் அதன் ஃப்ரீவீல் புல்லியைப் பாருங்கள். அது ஒரு பக்கம் சும்மா சுற்றி, மறுபக்கம் பிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் பிடித்தால் ஐடிலில் டென்ஷனர் கை குதிக்கும்.

இந்த வண்டியில் திரும்பத் திரும்பப் போவது ஐட்லர். கல்குவாரித் தூசு சீலைத் தின்கிறது, இந்த ஊர் வெயில் கிரீஸை உருக்குகிறது. உள்ளே இருப்பது 6203 என்ற நம்பர் பேரிங், எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். ஆனால் கம்பெனி கவுண்டரில் புல்லி, பிராக்கெட்டோடு சேர்த்துத்தான் தருவார்கள். கோபம் வருகிறது. சர்க்ளிப் (பேரிங்கைப் பிடித்திருக்கும் கழற்றக்கூடிய வளையம்) உள்ள இரும்புப் புல்லி என்றால், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள, சி3 கிளியரன்ஸ் (உள்ளே இடைவெளி கொஞ்சம் கூடுதலான) பேரிங்கைக் கேட்டு வாங்கிப் பிரஸ்ஸில் இறக்குங்கள். வெளி வளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் தட்டினால் புது பேரிங்கும் அன்றே கர்ர்தான். பிளாஸ்டிக் புல்லி என்றால் அசெம்பிளிக்குக் காசு கொடுப்பதைத் தவிர வழியில்லை.

சோப்புக் கட்டி தேய்க்கிறவர்களையும் பெல்ட் ஸ்ப்ரே அடிக்கிறவர்களையும் வண்டிப் பக்கம் விடாதீர்கள். சத்தம் அடங்கும், அந்தப் பிசுக்கில் தூசு ஒட்டி வரி அடைபடும். இப்போது வரும் ஈபிடிஎம் என்ற ரப்பர் பெல்ட் விரிசல் விடாமலே தேயும், வரிப் பள்ளம் ஆழமாகிவிட்டதா என்று பாருங்கள்.

டென்ஷன் நன்று, சார்ஜிங் நன்று, பெல்ட் ஆயுள் நன்று. இருந்தாலும் குவாரி லோடுக்கு இதை எடு என்று சொல்ல மாட்டேன், இரண்டு வி பெல்ட் போட்ட பழைய வண்டியையே தேடச் சொல்வேன். அதில் ஒன்று அறுந்தால் இன்னொன்று இழுக்கும். இதில் ஒரு ஐட்லர் இறுகினால் பெல்ட் அறுந்து ஃபேன், பம்ப், சார்ஜிங் மூன்றும் ஒரே நேரத்தில் போய், பள்ளிகொண்டா டோல் தாண்டி மத்தியான வெயிலில் லோடோடு நிற்க வேண்டியதுதான்.