பல்செட்டுக்கு அளவு: பேஸ்ட்டா, சிலிகானா?

பல் ஒன்றுகூட இல்லாத வாயில் பல்செட்டுக்கு அளவு, அதாவது ஈறின் அச்சு, எடுக்க எந்தப் பொருள் நல்லது என்று ஜூனியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தோராயமான முதல் அளவுக்கா, துல்லியமான கடைசி அளவுக்கா? பல் போன இடத்து ஈறு மேடு கெட்டியா, தளதளவென்று ஆடுகிறதா? எச்சில் ஊறும் வாயா, காய்ந்த வாயா? இதையெல்லாம் சொல்லாமல் பொருளின் பெயரை மட்டும் கேட்டால் பதில் கிடையாது.

முதல் அளவில், சூட்டில் இளகும் காம்பவுண்டுக்கும் தண்ணீரில் கலக்கும் பொடியான ஆல்ஜினேட்டுக்கும்தான் போட்டி. காம்பவுண்டை 55–60 டிகிரி வெந்நீரில் இளக்கி வைத்தால், கன்னத்தையும் நாக்கையும் ஒதுக்கிக்கொண்டு தன் இடத்தைப் பிடித்துவிடும். மேடு தேய்ந்து தட்டையாகிப்போன கீழ்த்தாடைக்கு என் கை அதைத்தான் தேடும். கோணலாக வந்தால் மறுபடி இளக்கி அழுத்திக்கொள்ளலாம். ஆல்ஜினேட்டில் தப்பினால் புதிதாகத்தான் கலக்க வேண்டும்; ஆனால் அண்டர்கட் (உள்வாங்கிய வளைவு) உள்ள மேட்டிலிருந்து நோகாமல் கழன்று வரும். எடுத்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஸ்டோன் (மாதிரி வார்க்கும் கெட்டி பிளாஸ்டர்) ஊற்றிவிடுங்கள். லேப் பையன் சாயங்காலம் வருவான் என்று மேசையில் விட்டால் நீர் கசிந்து சுருங்கும். தண்ணீரில் போட்டு வைத்தாலோ உறிஞ்சி ஊதும்.

கடைசி அளவுதான் உண்மையான சண்டை. அந்த வாய்க்கென்றே செய்த ஸ்பெஷல் ட்ரே, ஓரத்துக்கு கிரீன் ஸ்டிக் (குச்சியாக வரும் காம்பவுண்டு), அதன்மேல் ஜிங்க் ஆக்சைடு யூஜினால் பேஸ்ட்: கல்லூரியில் கற்றது இதுதான், இன்றும் கெட்டியான, வழவழப்பான மேட்டுக்கு என் ஓட்டு இதற்கே. மெல்லிய படலமாகப் பரவி ஈறின் சின்னச் சுருக்கத்தையும் பிடிக்கிறது. ட்ரேயில் தானாக ஒட்டுகிறது. ஓரிடத்தில் குழி விழுந்தால் கொஞ்சம் பேஸ்ட் தடவித் திரும்ப வைத்தால் போதும். விலையும் குறைவு.

தொல்லைகளும் உண்டு. யூஜினால் கிராம்பு எண்ணெயின் சரக்கு அல்லவா, எரியும். "மிளகா அரைச்சுப் பூசிட்டீங்களா டாக்டர் தம்பி?" என்று ஒரு பாட்டி கேட்டார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டு வாய் காய்ந்து கிடந்தது. பேஸ்ட் ஈறோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது. அவரிடம் நான் சிலிகானை எடுத்திருக்க வேண்டும். உதட்டில் வாஸ்லின் பூச மறந்ததும் என் தப்புதான். இன்னொன்று: வெப்பமும் ஈரப்பதமும் இதைச் சீக்கிரம் இறுக்கிவிடும். மே மாதம் ஏசி ஓடாத அறையில் நிதானமாகக் கலக்கினால், வாய்க்குப் போகும் முன்பே பாதி இறுகியிருக்கும்.

லைட் பாடி (இளகலாக ஓடும்) அடிஷன் சிலிகான் காய்ந்த வாய்க்கும் அண்டர்கட்டுக்கும் ஏற்றது. வளைந்து வெளியே வரும், உடையாது. நாள் கடந்து ஊற்றினாலும், இரண்டாம் முறை ஊற்றினாலும் அளவு மாறாது. ஆனால் ட்ரேக்கு அட்ஹெசிவ் பசை கட்டாயம். எச்சில் குளத்தில் இது சரியாகப் படியாது. லேடெக்ஸ் கையுறையோடு இதன் கெட்டி வகையான புட்டியைப் பிசைந்தால், கையுறையின் கந்தகம் அதை இறுக விடாது; பிசுபிசுவென்றே கிடக்கும். இதில் ஏமாறாத ஜூனியரை நான் பார்த்ததில்லை.

இங்கிலாந்தின் லீட்ஸில் ஒரே நோயாளிக்கு இரண்டு வகை அளவிலும் பல்செட் செய்து கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானோர் சிலிகானில் செய்ததையே விரும்பினார்கள். இதைக் காட்டி பேஸ்ட்டைத் தூக்கிப் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனையில் சிலிகானோடு மோதியது ஆல்ஜினேட், பேஸ்ட் அல்ல.

மற்ற அளவுப் பொருட்களில் பாலிசல்பைடு நாற்றத்துக்காகவும், பாலிஈதர் கசப்புக்காகவும் என் மேசையிலிருந்து போய்விட்டன.

முன்பக்க மேடு ஆடும் வாய்க்கு மட்டும் தனி வழி. ட்ரேயில் அந்த இடத்தில் ஜன்னல் வெட்டி, மற்ற இடத்தைப் பேஸ்ட்டில் எடுத்துவிட்டு, ஜன்னல் வழியே இம்ப்ரெஷன் பிளாஸ்டரையோ (அளவு எடுக்கும் பிளாஸ்டர்) லைட் பாடி சிலிகானையோ மெதுவாக விடுவேன். அங்கே விரலால் அழுத்தக் கூடாது.