ஆட்டோகேட்டில் ரிப்பன் காணோமா? கட்டளை அடிப்பதா, மொத்தமாக ரீசெட்டா?

கணினியில் வரைபடம் வரையும் ஆட்டோகேட் மென்பொருளில், திரையின் மேலே இருந்த ரிப்பன் (கருவிகள் அடுக்கிய பட்டை) திடீரென்று காணாமல் போனால் பலர் நேராக ரீசெட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவசரம்தான், வேறென்ன.

முதல் வழி, காணாமல் போனதை மட்டும் கூப்பிடுவது. 'ரிப்பன்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் அது திரும்ப வந்து உட்காரும். கீழே கமாண்ட் லைன் (கட்டளை அடிக்கும் வரி) இல்லையென்றால் கன்ட்ரோல் + 9 தட்டுங்கள். ரிப்பனோடு சேர்ந்து எல்லாமே மறைந்து படம் மட்டும் நின்றால் பெரும்பாலும் யாரோ கன்ட்ரோல் + 0 தட்டியிருப்பார்கள், அதையே இன்னொரு முறை தட்டினால் போதும். கமாண்ட் லைன் கண்ணில் படாவிட்டாலும் கட்டளை வேலை செய்யும், தைரியமாக அடிக்கலாம். டேப் பெயர்கள் மட்டும் தெரிகிறதா? அப்போது ரிப்பன் தொலையவில்லை, சுருங்கியிருக்கிறது, டேப் வரிசையின் கடைசியில் உள்ள சின்ன அம்புக்குறியை அழுத்துங்கள்.

இரண்டாவது, விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் ஆட்டோகேட் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ரீசெட் செட்டிங்ஸ் டு டிஃபால்ட்'. எது போனது என்றே புரியாதபோது, மெனு கோப்பே கெட்டுப்போனபோது இதுதான் கை கொடுக்கும். ஆனால் நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த ஒர்க்ஸ்பேஸ் (திரையில் கருவிகள் இருக்கும் அமைப்பு), சுருக்கக் கட்டளைகள், ப்ரொஃபைல் (உங்கள் விருப்ப அமைப்புகளின் தொகுப்பு) எல்லாம் புதிதாக இன்ஸ்டால் செய்த நிலைக்குப் போய்விடும். பேக்கப் எடுக்கட்டுமா என்று கேட்கும், சரி என்று சொல்லிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், பத்தில் ஒன்பது தடவை முதல் வழியே போதும். அதற்கும் மசியாவிட்டால் கீழே பல்சக்கரப் படத்தை அழுத்தி 'டிராஃப்டிங் அண்ட் அனோட்டேஷன்' ஒர்க்ஸ்பேஸைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், அப்புறம் ரீசெட்.