பின் சைட் திருகு கழலாமல் இருக்க: நகப்பூச்சா, ஊதாப் பசையா, வெறும் முறுக்கா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சுடத் தெரியாதவன், பிஸ்டலில் குறி பார்க்க இருக்கும் சைட் கோணல் என்றால் மட்டும் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. .22 பிஸ்டலில் 25 மீட்டர் பயிற்சி. ஐந்தைந்து குண்டுகளாக ஆறு சுற்று. மூன்றாம் சுற்றிலிருந்து எல்லாம் இடப்பக்கமாக ஒதுங்க ஆரம்பித்தன. பிடியைக் குறை சொன்னேன், விரலைக் குறை சொன்னேன், முந்தின இரவு சரியாகத் தூங்காததைக் குறை சொன்னேன். முடித்துத் துடைக்கும்போது துணி பட்டுப் பின் சைட் ஆடியது. அன்றைக்குக் கூடம் உண்மையிலேயே கோணல்.

எவ்வளவு ஆடினால் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டால் பயமாக இருக்கிறது. 25 மீட்டர் .22 பிஸ்டல் போட்டியில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே விதி அனுமதிக்கும் அதிகபட்ச தூரம் 220 மி.மீ. பின் சைட் 0.1 மி.மீ. நகர்ந்தால் 25 மீட்டர் தள்ளி நிற்கும் இலக்கில் குண்டு 11 மி.மீ. விலகும். அரை மி.மீ. நகர்ந்தால் 57 மி.மீ. பத்துப் புள்ளி வட்டத்தின் மொத்த விட்டமே 50 மி.மீ.தான். நடுவில் விழ வேண்டிய குண்டு எட்டில் போய் உட்காரும்.

ஒன்றை முதலிலேயே பிரித்துவிட வேண்டும். சைட்டில் இரண்டு சாதித் திருகுகள் உண்டு. ஒன்று, சைட்டைப் பிஸ்டலோடு இறுக்கிப் பிடிப்பது. மற்றது, மேல் கீழ், இடம் வலம் என்று ‘கிளிக்’ சத்தத்தோடு நகர்த்துவது. கீழே சொல்வதெல்லாம் முதல் சாதிக்கு மட்டுமே. கிளிக் திருகில் பசை ஊற்றுகிறவருக்கு மரை கழன்றது பிஸ்டலில் அல்ல.

திருகு ஏன் கழல்கிறது? மேலும் கீழும் அதிர்வதைவிடப் பக்கவாட்டில் வழுக்குவதுதான் திருகைக் கழற்றுகிறது என்று 1969இல் ஜெர்மானியப் பொறியாளர் யுங்கர் சோதித்துக் காட்டினார். இறுக்கிய திருகு மயிரிழையினும் குறைவாக நீண்டு, ஸ்பிரிங் போல இரண்டு பாகங்களையும் இழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பிடி போதாமல் பாகங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினால், திருகு தானாகவே பின்னோக்கிச் சுற்றும். சைட் திருகோ குட்டையானது. நீள்வதற்கு அதில் இடமே குறைவு. .22இன் உதைப்பு சிறியதுதான், ஆனால் வாரத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை உதைக்கிறது.

இதற்கு மேல் நம் கடற்கரை வேறு. குளச்சல் பக்கம் இருப்பவன் உப்புக் காற்றுக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசுவான். அந்த எண்ணெய் ஊர்ந்து மரைக்குள் இறங்கும். வழுக்குவதற்கு வேறென்ன வேண்டும்?

இனி, திருகைப் பிடித்து வைக்கப் போட்டிபோடும் பொருட்கள். டெஃப்லான் டேப் பைப்புக்காரருடையது; தண்ணீர் கசியாமல் அடைக்கும், திருகைப் பிடிக்காது. சொல்லப்போனால் இன்னும் வழுக்க வைக்கும். ஸ்பிரிங் வாஷருக்கு இந்த இடத்தில் இடமே இல்லை; இடம் இருந்தாலும் பக்கவாட்டு அதிர்வில் அது பெரிதாக உதவுவதில்லை. குலசேகரத்தில் ரப்பர் வெட்டும் நண்பர், “ஒரு சொட்டு ரப்பர் பால் விட்டுப் பாருங்கள்” என்றார். பிஸ்டலில் அல்ல, ஒரு பழைய இரும்புத் துண்டில் விட்டுப் பார்த்தேன். பாலில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே. கழற்றியபோது மரையில் துரு.

உடனடிப் பசையைத்தான் கடுமையாக எச்சரிப்பேன். அது காற்றின் ஈரத்தால் இறுகுவது. நம் ஊர் ஆனி மாதக் காற்றில், திருகு அடிவரை போய் உட்காருவதற்குள்ளேயே பாதி வழியில் பிடித்துக்கொள்ளும். அதன் ஆவி வெள்ளையாகப் படிவதும் உண்டு. கருப்பு சைட்டில் வெள்ளைப் படலம் படிந்தால் குறி பார்ப்பது எப்படி?

நகப்பூச்சை ஆதரிப்பவர்கள் நிறைய. மலிவு, வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் அது காய்வது கரைப்பான் ஆவியாகிப் போவதால். மரைக்குள் அடைபட்டுக் கிடக்கும் பூச்சு எங்கே போய் ஆவியாகும்? வெளியே தோல் போல இறுகி, உள்ளே பிசுபிசுத்துக் கிடக்கும். பூட்டாக அதற்கு நான் பாதி மதிப்பெண்கூடத் தரமாட்டேன். வேறொரு வேலையில் நூற்றுக்கு நூறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

திருகைப் பூட்டவென்றே விற்கும் மரைப் பசை இதற்கு நேர் எதிர். காற்று இருக்கும்வரை திரவமாகவே இருக்கும். காற்றுப் படாமல் அடைபட்டு, உலோகம் தொட்டால் இறுகும். வடசேரியில் வாங்கிய சிறு குப்பியில் பாதிதான் இருந்தது. “அண்ணாச்சி, இது என்ன நியாயம்?” என்று சண்டைக்குப் போனேன். குப்பிக்குள் காற்று இல்லாவிட்டால் பசை உள்ளேயே கெட்டியாகிவிடும், அதனால் நிரப்புவதே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அண்ணாச்சியிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இதில் நிறம்தான் முக்கியம். லாக்டைட் என்ற பிராண்டில் 222 ஊதா. சிறு திருகுகளுக்கென்றே ஆன மெல்லிய பிடி, சாதாரணக் கைக்கருவியாலேயே கழலும். 243 நீலம், நடுத்தரப் பிடி, இலேசான எண்ணெய்ப் பிசுக்கையும் பொறுத்துக்கொள்ளும். சிவப்பு வகையைக் கழற்ற 250 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். கூடப் பயிற்சி செய்கிற ஒருவர் மூன்று மி.மீ. திருகுக்குச் சிவப்பை விட்டார். கழற்றப் போனபோது ஆலன் கீ நுழையும் குழிதான் உருண்டையாகத் தேய்ந்தது, திருகு அசையவில்லை. கழன்ற திருகை இரண்டு நிமிடத்தில் இறுக்கலாம். அவருடைய சைட் லேத் பட்டறைக்குப் போய் வந்தது.

நீலமா ஊதாவா என்றால் என் ஓட்டு ஊதாவுக்கே. திருகு சிறியது, குழி அதைவிடச் சிறியது. எண்ணெயைத் துடைக்கச் சோம்பல்படுகிறவருக்கு மட்டும் நீலம். பிளாஸ்டிக் சைட் உள்ளவர்கள் இரண்டையுமே யோசித்துத்தான் தொட வேண்டும். இந்தப் பசைகள் சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் விடவைக்கும்.

ஆனால் பசைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கும் என் மைத்துனர் ஒருநாள் என் சைட்டைப் பார்த்துவிட்டு, “அத்தான், எவ்வளவு முறுக்கினீர்கள்?” என்று கேட்டார். “கைக்குத் தெரிந்த அளவு” என்றேன். சிரித்தார். அவர்கள் கோபுரத்தின் போல்ட்டுகளை அளவு காட்டும் ஸ்பானரால் குறிப்பிட்ட முறுக்குக்கு இறுக்கி, போல்ட் தலையிலிருந்து அடித்தகடு வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. அடுத்த முறை ஏறும்போது கண்ணாலேயே தெரிந்துவிடும்.

அதைத்தான் இப்போது நானும் செய்கிறேன். பிஸ்டலில் குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, திருகைக் கழற்றி, மரையையும் துளையையும் அசிட்டோனால் கழுவிக் காயவிடுகிறேன். பல்குத்தும் குச்சி நுனியில் ஊதாப் பசை ஒரு பொட்டு. பிறகு முறுக்கு அளவு காட்டும் சிறு திருப்புளியால், பிஸ்டலோடு வந்த கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கம். ஒரு முழு நாள் தொடுவதில்லை. கடைசியில் திருகுத் தலைக்குக் குறுக்காக நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு. அது நூறு வாங்கும் வேலை இதுதான்.

அடிக்கடி சைட்டைக் கழற்றி மாற்றிப் பார்க்கிறவர்களுக்குப் பசையே வேண்டாம். ஒவ்வொரு தடவையும் பழைய பசையைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்க முடியாது. சுத்தமான மரை, அளவான முறுக்கு, ஒரு கோடு. பயிற்சிக்கு முன் அந்தக் கோட்டை மட்டும் பார்த்தால் போதும்.

கோட்டுக்கு வெள்ளை நிறம்தான் கருப்பில் தெளிவாகத் தெரிகிறது, அதை மட்டும் கண்ணுக்கு நேரே வரும் பக்கத்தில் இழுக்காதீர்கள். என் மகள் இப்போது தன் நகப்பூச்சுக் குப்பியை அலமாரியில் பூட்டி வைக்கிறாள்.