30,000 ரூபாய்க்குப் புது லேப்டாப்பா, பழைய திங்க்பேடா?

காலேஜ் சேரும் பிள்ளைக்கு ஷோரூமில் புதுசு வாங்குவதா, சென்னை ரிச்சி தெருவில் லெனோவோவின் திங்க்பேட் டி480 மாதிரி செகண்ட் ஹேண்ட் வாங்குவதா? என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது.

விலை: புதுசுக்கு முழுப் பணமும் போய்விடும். பழையதில் கொஞ்சம் மிஞ்சும். அதைப் பேட்டரிக்கு ஒதுக்கி வையுங்கள்.

உழைப்பு: இதில் பழையதுதான் கெட்டி. டி480-இன் அடிமூடியைக் கழற்றினால் ரேம் (தற்காலிக நினைவகம்) செருக இரண்டு ஸ்லாட் இருக்கும். வெளிப் பேட்டரியை ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலே எடுக்கலாம். விலை குறைந்த புது மாடல்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள்; 8 ஜிபி போதாவிட்டால் கூட்ட வழியில்லை. என் அண்ணன் மகள் வாங்கிய புதுசில் இரண்டாம் வருஷமே கீல் பிய்ந்து, மூடி தனியே ஆடியது. எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது.

வாரண்டி: புதுசுக்குக் கம்பெனி வாரண்டி உண்டு. பழையதற்குக் கடைக்காரர் பில்லில் எழுதித் தருவதுதான்.

திரை: பழையதில் தெளிவு குறைந்த 1366×768 பிக்சல் திரையும் வரும். 1920×1080 கேட்டு வாங்குங்கள், கண்ணுக்கு நல்லது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு பொதுவாக இன்டெல் 8-ஆம் தலைமுறை பிராசஸராவது வேண்டும்; அதனால் அதற்குக் கீழே வேண்டாம். டி480-இலேயே 7-ஆம் தலைமுறையும் உண்டு, கவனம். பழைய திங்க்பேடைக் கடையிலேயே ஆன் செய்தவுடன் எஃப்1 தட்டி, அதன் அடிப்படை அமைப்புத் திரைக்கு (பயோஸ்) போய்ப் பாருங்கள். பழைய உரிமையாளர் போட்ட பாஸ்வேர்டு கேட்டால் லேப்டாப்பை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கோடிங், டைப்பிங் என்று நாள் முழுக்க உழைப்பவருக்குப் பழைய திங்க்பேட். பழுது பார்க்க ஆள் கிடைக்காத ஊரில் இருப்பவருக்குப் புதுசு.