சேலத்தில் பழைய கச்சேரி கேசட்டை டிஜிட்டலாக்கும் கடை: நன்று, ஒரு கட்டத்தைத் தவிர

செவ்வாய்ப்பேட்டை பக்கம் கேசட், இசைத்தட்டு எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றித் தரும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. அப்பா சேர்த்து வைத்த கர்நாடக சங்கீதம் முழுவதையும் அங்கேதான் கொடுத்தேன். ஒலியில் குறையே சொல்ல முடியாது. இரைச்சலை எடுக்கிறேன் என்று தம்புராவையும் சேர்த்து அழித்துவிடுகிற இடங்கள் உண்டு, இங்கே சுருதி அப்படியே நிற்கிறது. ஏ பக்கம் முடிகிற இடத்தில் அறுந்துபோன தனி ஆவர்த்தனத்தை பி பக்கத்தோடு, கேட்காமலே, தாளம் பிசகாமல் ஒட்டியும் கொடுத்திருக்கிறார்கள்.

சறுக்கியது கோப்புகளில் விவரம் எழுதுவதில். ராகம், தாளம், பக்கவாத்தியம் எல்லாம் சரி, ஆனால் ஐஎஸ்ஆர்சி (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தரப்படும் சர்வதேச அடையாளக் குறியீடு) கட்டத்தில் கேசட் அட்டையில் இருந்த எண்ணை அடித்துவிட்டார்கள். அட்டையில் இருப்பது அந்த வெளியீட்டுக்கு கம்பெனி வைத்த பட்டியல் எண். அதே கச்சேரி சிடியாக வந்தால் வேறு எண் வரும். ஐஎஸ்ஆர்சி ஒலிப்பதிவுக்கே உரியது, மொத்தம் 12 இடம்: பெரும்பாலும் நாட்டைக் காட்டும் 2 எழுத்து, குறியீடு தருபவருக்கு 3, வருடத்துக்கு 2, வரிசை எண்ணுக்கு 5. அந்த வருடம்கூட குறியீடு கொடுத்த வருடம்தான், பாடிய வருடம் இல்லை. இந்தத் தரமே 1986-ல்தான் வந்தது, அதனால் அதற்கு முந்தைய கேசட் அட்டையில் அது இருக்காது. பழைய பதிவுக்குப் பின்னால் குறியீடு கொடுத்திருக்கலாம், அது தெரியாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதே முறை.

“பாட்டுதான் நல்லா வந்துருச்சே சார், நம்பர்ல என்ன இருக்கு?” என்றார் கடைக்கார தம்பி. நம் சங்கீதத்தில் எல்லாமே அதில்தான் இருக்கிறது. ஒரே வித்வான் ஒரே தோடி கீர்த்தனையை நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டுக்கு மூன்று நிமிடத்தில் பாடியிருப்பார், சபாவில் முக்கால் மணி நேரம் விஸ்தாரமாகப் பாடியிருப்பார், வானொலிக்கு இன்னொரு விதமாகப் பாடியிருப்பார். பெயரையும் ராகத்தையும் மட்டும் வைத்துத் தேடினால் எது எந்தப் பாட்டு என்று யாருக்கும் பிடிபடாது. இதைச் சொன்னதும் முகம் சுளிக்காமல் எல்லாக் கோப்புகளையும் திருத்தி, பட்டியல் எண்ணை அதற்கான கட்டத்துக்கு மாற்றிக் கொடுத்தார், கூடுதல் காசும் கேட்கவில்லை.

இசைத்தட்டு விஷயத்தில் இவர்கள் ஒரு படி மேல். லேபிளை ஒட்டி அரக்கில் பதிந்திருக்கும் மேட்ரிக்ஸ் எண் (தட்டை அச்சிடும் மூல அச்சுக்குக் கொடுத்த எண்) ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி, நேராகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. தட்டைச் சாய்த்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, எண் தெரியும்படி படம் எடுத்துக் கோப்போடு வைக்கிறார்கள். இதை மட்டும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

கேசட்டுக்கு 150 ரூபாய். ஏற்காட்டிலிருந்து கொண்டு வருபவர்கள் நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதைத் துடைக்கத் தனிக் கட்டணம், நாளும் கூடுதலாக ஆகும்.