சி.என்.ஜி. வண்டிக்கு இரிடியம் பிளக்: கொடுத்த காசுக்குத் தகும்

கோத்தகிரி மலைப்பாதையில் காய்கறி ஏற்றி இறக்கும் மாருதி சூப்பர் கேரி என்னுடையது. சி.என்.ஜி.யில் ஓடுகிறது. டீசல் லாரிக்காரர்களுக்கு பிளக் தலைவலியே கிடையாது. அங்கே தீப்பொறிக்கு வேலை இல்லை. கேஸ் வண்டிக்கோ எல்லாமே, எரிபொருளைப் பற்றவைக்கத் தீப்பொறி தரும் பிளக்தான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உர மூட்டைகளோடு ஏறும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திக்கத் தொடங்கியது. பெட்ரோலுக்கு மாற்றினால் சீராக இழுத்தது. கேஸில் மட்டும் மிஸ்ஸிங். பழைய நிக்கல் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். பீங்கான் வெளுத்திருந்தது, கசிவோ கரியோ இல்லை. ஆனால் நடு முனையின் கூர்விளிம்பு தேய்ந்து கூழாங்கல்போல் உருண்டிருந்தது. பொறி தாண்டும் இடைவெளியும் அகன்றிருந்தது.

காரணம் எளிது. கேஸும் காற்றும் கலந்த கலவையில் பொறி பாய, பெட்ரோலைவிடக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். முனை தேயத் தேய அந்தத் தேவை இன்னும் ஏறும். பாரம் இழுக்கும்போது, பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் ஈடுகொடுக்காது.

என்.ஜி.கே. இரிடியம் ஐ.எக்ஸ். வகையில் நான்கு வாங்கிப் போட்டேன். நிக்கலைவிடப் பல மடங்கு விலை. நடு முனை வெறும் 0.6 மில்லிமீட்டர், சாதாரண பிளக்கில் அது ஏறக்குறைய 2.5. மெல்லிய முனையில் பொறி குறைந்த அழுத்தத்திலேயே பாயும். நிக்கல் உருகுவது 1,455 டிகிரி செல்சியஸில், இரிடியம் 2,446 டிகிரியில்; அதனால் மெலிந்தும் தாக்குப்பிடிக்கிறது. திக்கல் அன்றோடு நின்றது. மூட்டைகளோடு இரண்டாம் கியரில் ஏறும்போது இழுவை அறுபடுவதில்லை. மைலேஜ் கூடியதாகச் சொல்ல மாட்டேன், கூடவில்லை.

உலோகத்தைவிட முக்கியமானது வெப்ப எண், அதாவது பிளக் எவ்வளவு வேகமாகச் சூட்டை வெளியேற்றும் என்று காட்டும் எண். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான் அண்ணே" என்று வேறு எண்ணை நீட்டினார், வாங்க மறுத்துவிட்டேன். என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் எண் கூடினால் பிளக் குளிர்ச்சி வகை. பாஷில் நேர்மாறு, எண் கூடினால் சூடு வகை. நிறுவனம் மாற்றும்போது எண்ணை அப்படியே ஒப்பிட்டால் எஞ்சின்தான் அடிபடும். பிளக்கின் திருகு நூலின் நீளமும் வண்டியின் கையேட்டோடு பொருந்த வேண்டும்.

இடைவெளியும் கையேட்டின்படிதான். அளக்கக் கம்பி கேஜ் போதும். நடு முனையை நெம்பவே கூடாது, அந்த மெல்லிய இரிடியம் முறிந்துவிடும். எஞ்சின் ஆறிய பிறகு கையாலேயே நூல் பிடிக்கவிட்டு, வாஷர் உட்கார்ந்ததும் ஸ்பேனரால் அரைச் சுற்றுக்குச் சற்று மேல் திருப்பினால் போதும். எஞ்சினின் அலுமினியத் தலையில் முரட்டு இறுக்கம் நூலைத் தின்றுவிடும்.

ஊருக்குள் பெட்ரோலில் மட்டும் ஓடும் சிறு வண்டிக்கு இந்தச் செலவு தேவையில்லை. நல்ல நிக்கல் பிளக்கை நேரத்துக்கு மாற்றினால் போதும். கேஸில் மலையேறுபவர்கள் தயங்காமல் இரிடியம் போடலாம்.